என் கணினியில் ஓடும் நிரல், எக்ஸ் கோப்பான பிறகு ‘ஓப்பன்பைஎக்செல் இல்லை’ என்கிறது

கடைக்கணக்கு:
மாமாவின் மளிகைக் கடைக்காகப் பைத்தானில் ஒரு சிறிய நிரல் எழுதியிருக்கிறேன். மொத்த வியாபாரி அனுப்பும் எக்செல் விலைப்பட்டியலைப் பாண்டாஸ் (அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் நூலகம்) வழியாகப் படித்து, டிகின்டர் (சாளரங்களை உருவாக்கும் நூலகம்) சாளரத்தில் காட்ட வேண்டும். நிரல் எழுதும் விஎஸ் கோடில் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. பைஇன்ஸ்டாலர் என்ற கருவியில் எக்ஸ் கோப்பாக (பைத்தான் நிறுவாத கணினியிலும் ஓடும் .exe கோப்பாக) மாற்றினால், என் மடிக்கணினியிலேயே ‘பட்டியலைத் திற’ பொத்தான் ஊமையாகிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. இரண்டு இரவுகள் போய்விட்டன.

எலிவால்:
நோகன்சோல் (கன்சோல் எனும் கருப்பு உரைச் சாளரம் வராமல் செய்யும் தெரிவு) போட்டுத்தானே கட்டினீர்கள்? டிகின்டர் பொத்தானுக்குள் விழும் பிழை கன்சோலில்தான் அச்சாகும். கன்சோலை மூடிவிட்டால் அது எங்கே போய்த் தெரியும்? அந்தத் தெரிவை எடுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து அங்கிருந்து ஓட்டுங்கள். இருமுறை சொடுக்கித் திறந்தால் நிரல் நிற்கும்போது கருப்புச் சாளரமும் மூடிக்கொள்ளும், படிக்க நேரம் இருக்காது.

கடைக்கணக்கு:
நன்றி, இப்போது பேசுகிறது. கடைசி வரி: ‘இம்போர்ட் எரர்: மிஸ்ஸிங் ஆப்ஷனல் டிபென்டென்சி ஓப்பன்பைஎக்செல்’. பாண்டாஸ் எக்செல் கோப்பைப் படிக்கத் தேவையான நூலகம் அது. ஆனால் அதை நான் நிறுவியிருக்கிறேனே!

எலிவால்:
மாட்யூல்களை (நிரல் பயன்படுத்தும் துணை நிரல்களை) அழைக்கும் இம்போர்ட் வரிகளைப் பார்த்துத்தான் பைஇன்ஸ்டாலர் மூட்டை கட்டும். ஓடும்போது பெயரைச் சரமாகக் கொடுத்து அழைக்கப்படும் மாட்யூல் அதன் கண்ணில் படாது. அப்படி ஒளிந்திருப்பதைச் சொல்வதற்கான ஹிட்டன் இம்போர்ட் தெரிவில் ஓப்பன்பைஎக்செல் பெயரைக் கொடுங்கள், முடிந்துவிடும்.

கடைக்கணக்கு:
கொடுத்தேன். முடியவில்லை. அதே பிழை.

பழையநிரலர்:
தம்பி, கட்டும்போது திரையில் ஓடிய வரிகளைப் படித்தீர்களா? ‘ஹிட்டன் இம்போர்ட் ஓப்பன்பைஎக்செல் நாட் ஃபவுண்ட்’ என்று ஒரு வரி அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால், மாட்யூல் ஒளிந்திருக்கவில்லை. மூட்டை கட்டும் பைத்தானில் அது இல்லவே இல்லை.

கமாண்ட் பிராம்ப்ட்டில் இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள் (உச்சரிப்பை எழுதுகிறேன், தட்டுவது ஆங்கிலத்தில்): ‘பை -0’, பிறகு ‘வேர் பைஇன்ஸ்டாலர்’. முதலாவது நிறுவப்பட்ட பைத்தான்களைப் பட்டியலிடும். இரண்டாவது, நீங்கள் அழைக்கும் பைஇன்ஸ்டாலர் எந்த வீட்டுப் பிள்ளை என்று காட்டும்.

கடைக்கணக்கு:
ஐயா, அந்த வரி இருக்கிறது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே கிடந்ததால் கவனிக்கவில்லை. பைத்தான் 3.12, 3.8 இரண்டும் இருக்கின்றன. விஎஸ் கோட் ஓட்டுவது 3.12. பைஇன்ஸ்டாலரோ ‘பைத்தான்38\ஸ்கிரிப்ட்ஸ்’ கோப்புறையில் இருக்கிறது.

எலிவால்:
அப்படியானால் 3.8-ஐ நீக்கிவிடுங்கள். பழைய சட்டையை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

பழையநிரலர்:
பொறுங்கள். 3.8-ஐ முதலில் ஏன் நிறுவினீர்கள்?

கடைக்கணக்கு:
மறந்தே போயிருந்தேன். கடையில் இருப்பது விண்டோஸ் 7. முதலில் 3.12-இல் கட்டிக் கொண்டுபோனபோது ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்’ என்று தொடங்கும் டிஎல்எல் (விண்டோஸின் துணைக்கோப்பு) இல்லை என்றது. அதற்காகத்தான் 3.8. அப்போது பட்டியல் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக்கோப்பாக) வந்துகொண்டிருந்தது, ஓப்பன்பைஎக்செல் தேவைப்படவில்லை.

பழையநிரலர்:
முடிச்சு அங்கேதான். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. 3.9 முதல் அந்த ஆதரவு இல்லை. அந்த டிஎல்எல்லை இணையத்தில் தேடி இறக்கிப் போடாதீர்கள், யார் வைத்த கோப்போ தெரியாது. 3.8 இருக்கட்டும், விடுபட்டதை ‘பிப்’ என்னும் நிறுவும் கருவியால் அதில் நிறுவுங்கள்:

பை -3.8 -எம் பிப் இன்ஸ்டால் ஓப்பன்பைஎக்செல்

கட்டுவதும் இதே வழியில்தான்: ‘பை -3.8 -எம் பைஇன்ஸ்டாலர்’, பின்னால் உங்கள் கோப்பின் பெயர். இங்கே மாட்யூல் பெயரில் பியும் ஐயும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் தட்டினால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று சாதிக்கும். வெறும் ‘பிப்’, வெறும் ‘பைஇன்ஸ்டாலர்’ என்று அழைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாத் வரிசையில் (விண்டோஸ் நிரல்களைத் தேடும் கோப்புறைப் பட்டியலில்) முன்னால் நிற்பது எதுவோ அதுதான் ஓடும்.

அடுத்த முறை பில்ட் கோப்புறைக்குள் ‘வார்ன்’ என்று தொடங்கும் உரைக்கோப்பையும் பாருங்கள். கிடைக்காத மாட்யூல்களையும் அவற்றைக் கேட்டவை எவை என்பதையும் எழுதி வைத்திருக்கும். அவற்றில் பல லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளங்களுக்கு உரியவை, அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். உங்களுக்குத் தேவையான பெயரை மட்டும் தேடுங்கள்.

எலிவால்:
நான் அவசரப்பட்டுவிட்டேன். நீக்கியிருந்தால் மாமா கடையில் என்னைத் திட்டியிருப்பார்.

கடைக்கணக்கு:
வேலை செய்கிறது! ஹிட்டன் இம்போர்ட் தெரிவும் தேவைப்படவில்லை. ஆனால் நோகன்சோல் போட்டால் மறுபடி ஊமையாகிவிடுமே?

பழையநிரலர்:
டிகின்டரின் முதன்மைச் சாளரத்தில் ‘ரிப்போர்ட் கால்பேக் எக்செப்ஷன்’ என்றொரு செயல்முறை உண்டு. அதற்குப் பதிலாக உங்கள் சொந்தச் செயல்முறையை வையுங்கள். பிழையின் முழு விவரத்தையும் ஒரு கோப்பில் எழுதி, கடைசி வரியை மட்டும் செய்திப் பெட்டியில் காட்டினால் போதும்.

கடைக்கணக்கு:
வைத்துவிட்டேன். இன்று காலை மாமா கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார்: பட்டியலைச் சேமிக்கும்போது ‘பர்மிஷன் டினைட்’. தொலைபேசியில் கேட்டால், அதே கோப்பை எக்செல்லிலும் திறந்து வைத்திருக்கிறார்.