மறு: முதன்மை மூலமா, நேர்ச்சான்றா?

வணக்கம் சேர்,

வரலாற்றுப் பாடத்தில் primary source என்பதை 'முதன்மை மூலம்' என்னாமல் 'நேர்ச்சான்று' எனலாம் என்றேன். உங்கள் மறுப்புகளுக்கு என் பதில் இது.

> 'முதன்மை மூலம்' பழகிய சொல். மாற்றினால் ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகள் குழம்புவார்கள்.

குழப்புவதே அந்தச் சொல்தான். 'முதன்மை' என்றதும் 'நம்பத்தக்கது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் வரவுப் பதிவேட்டில்) அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டிருப்பது தெரியும். ஏன் போட்டார்கள் என்பதைத் தொழிலாளி சொல்ல அதில் இடமில்லை. 'மூலம்' வேறு தொல்லை: 'முதன்மை மூலம் மூலம் அறிகிறோம்' என்று எழுதிப் பாருங்கள்.

> நன்னூலின் 'முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்' இருக்கிறதே?

'வழி'யை எடுத்துக்கொள்ளலாம். 'முதல்' வேண்டாம், முதல்நூலுக்குரிய பெருமை துண்டுச் சீட்டுக்கும் கல்லறைக் கல்லுக்கும் ஒட்டாது. அதனால்தான் நேர்ச்சான்று, வழிச்சான்று (அதை வைத்துப் பின்னர் மற்றவர் எழுதியது, secondary source) என்கிறேன். 'நேர்' என்பது கண்ணால் கண்டதை மட்டும் குறிக்காது. ஆராயும் விடயத்தில் பங்குகொண்டவர்களோ அதை நடத்தியவர்களோ விட்டுச்சென்றது எதுவும் அதில் அடங்கும்.

எந்தக் கேள்விக்கு நேர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்து, 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. எதற்கு உடன்பட்டார்கள் என்பதற்கு அது நேர்ச்சான்று. எத்தனை பேர் உண்மையில் கப்பல் ஏறினார்கள் என்பதற்கு அது சான்றே அல்ல. குடியகல்வுப் பதிவைப் பார்க்க வேண்டும். கட்டுரைகளில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

தேடும்போது வழிச்சான்றிலிருந்து தொடங்கி அதன் அடிக்குறிப்பைப் பிடித்துப் போவதே சுருக்கு வழி. 'சுவடிக்கூடம், கொழும்பு' என்று மட்டும் குறித்தால் பயனில்லை. கோப்பு எண், ஆண்டு, பக்கம் வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்கு வாய்வழக்கில் ஒரு தமிழ்ப் பெயரும் பதிவில் ஓர் ஆங்கிலப் பெயரும் இருக்கும். இரண்டையும் டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு) பெயரையும் முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. ஆகவே பழைய ஏடுகள் ஒரே அலுமாரியில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய பத்திரிகை தேடினால் ஊர்ப்பெயரைப் பல எழுத்தில் தேடுங்கள்: அட்டன், ஹட்டன், ஹற்றன் மூன்றையும், தலவாக்கலையோடு தலவாக்கொல்லையையும் போட்டுப் பாருங்கள். வாய்மொழி வாக்குமூலத்துக்கு நடந்த ஆண்டு, பதிந்த ஆண்டு இரண்டும் தேவை.

மூன்றாவதாக மிஞ்சுவது கலைக்களஞ்சியம், கைந்நூல் வகை. நன்னூல்படி 'சார்புச்சான்று' எனலாம்; ஆனால் 'சார்பு' இன்று பக்கச்சார்பாக ஒலிக்கிறது. 'தொகைச்சான்று' சரிவருமா சேர்?