ஒரே மிளகாய்த்தூள், இரண்டு லேப், இரண்டு நம்பர்: இந்த சர்வதேச வேதியியல் சங்கங்களால் நமக்கு என்ன பயன்?

வைகைக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தனியார் உணவுப் பரிசோதனை லேப் ஒன்றில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். மிளகாய், மஞ்சள், நிலக்கடலை, அதிலும் பெரும்பாலும் அஃப்லடாக்சின் (பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு) சோதனைதான். போன மாதம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய ஒரு லாட் மிளகாய்த்தூளில் எங்களுக்கு அதன் பி1 வகை கிலோவுக்கு 4.3 மைக்ரோகிராம் வந்தது. அங்கே வரம்பு 5. பாஸ் என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டோம். அதே லாட்டை வாங்குபவர் தரப்பு லேப் பார்த்துவிட்டு 5.8 என்கிறது. ஏற்றுமதியாளர் எங்கள் மேல் கோபமாக இருக்கிறார், மேனேஜர் "தப்பு அவங்க லேப்லதான்" என்கிறார், எனக்கு இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, ஏனென்றால் அந்த சாம்பிளை எக்ஸ்ட்ராக்ட் பண்ணி ஹெச்பிஎல்சி கருவியில் ஏற்றியது நான்.

இப்போது என் கேள்வி. போன ஆடிட்டில் வந்த அசெஸர் அளவீட்டு அன்சர்ட்டனிட்டி (விடை எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) பற்றி ஒரு கையேட்டைக் காட்டினார், அட்டையில் யூராகெம், சிடாக் என்று இரண்டு பெயர். மெத்தட் என்றால் ஏஓஏசி, சொற்களுக்கு அர்த்தம் என்றால் ஐயுபாக், அப்புறம் தரநிலைகளுக்கு ஐஎஸ்ஓ. இவர்கள் எல்லாம் யார்? அரசாங்கமா? இவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, இல்லை வருஷத்துக்கு ஒரு தடவை மாநாடு போட்டுக் கலைகிறவர்களா? எனக்கு இப்போது இருக்கும் இந்தச் சிக்கலில் இவர்கள் எழுதியது ஏதாவது உதவுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தேன்கூடு எழுதியது:

வைகை, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த 4.3, ரெக்கவரிக்குத் திருத்தம் செய்த நம்பரா, செய்யாததா? அந்த பேட்சில் ஸ்பைக் ரெக்கவரி (தெரிந்த அளவு நஞ்சைச் சேர்த்துச் சோதித்தால் திரும்பக் கிடைக்கும் பங்கு) எவ்வளவு வந்தது?

---

வைகைக்கரை எழுதியது:

திருத்தம் செய்வதில்லை மேடம். எங்கள் எஸ்ஓபியில் (லேபில் எழுதி வைத்த செயல்முறை) ரெக்கவரி 70 முதல் 110 சதவீதத்துக்குள் இருந்தால் அப்படியே ரிப்போர்ட் பண்ணு என்றுதான் இருக்கிறது. அந்த பேட்சில் 78.

---

தேன்கூடு எழுதியது:

அப்போது பாதி விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. 4.3-ஐ 0.78-ஆல் வகுத்துப் பாருங்கள். 5.5.

அவர்கள் லேப் திருத்திய நம்பரைக் கொடுத்திருந்தால் (ஐரோப்பிய லேப்களில் மைக்கோடாக்சினுக்கு, அதாவது பூஞ்சை நஞ்சுகளுக்கு, இதுதான் வழக்கம், அவர்களுடைய அதிகாரபூர்வக் கட்டுப்பாட்டு விதிகளே ரெக்கவரியைக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன) உங்கள் 5.5-ம் அவர்கள் 5.8-ம் கிட்டத்தட்ட ஒரே விடை. இரண்டு லேபும் சரியாகத்தான் வேலை செய்திருக்கின்றன, எழுதிய விதம்தான் வேறு. உங்கள் கை மேல் தப்பில்லை, முதலில் நன்றாகத் தூங்குங்கள்.

உங்கள் பெரிய கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ரெக்கவரிக்குத் திருத்தலாமா கூடாதா என்பது வேதியியலாளர்கள் நடுவே பல வருஷம் நடந்த சண்டை. ஒரு நாட்டில் திருத்துவார்கள், பக்கத்து நாட்டில் மாட்டார்கள், ஒரே சரக்கு ஒரு துறைமுகத்தில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில். இதைப் பேசி முடிக்க ஐயுபாக், ஐஎஸ்ஓ, ஏஓஏசி மூன்றும் சேர்ந்து கூட்டம் போட்டு, 1999-ல் ரெக்கவரி தகவலை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பொது வழிகாட்டியை ஐயுபாக்கின் இதழில் வெளியிட்டார்கள். உங்கள் எஸ்ஓபியில் இருக்கும் அந்த 70-110 ஒரு ஏற்பு வரம்பு, அவ்வளவுதான். அதற்குள் இருக்கிறது என்பதற்காக 22 சதவீத இழப்பை மறந்துவிடலாம் என்று ஆகாது.

---

பழைய_பியூரெட் எழுதியது:

தம்பி, இவர்கள் யார் என்று கேட்டீர்கள். நான் ரிட்டயர்டு, நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யாரும் அரசாங்கம் இல்லை. ஏஓஏசி 1884-ல் அமெரிக்காவில் தொடங்கியது. காரணம் உரம். ஒரே மூட்டை உரத்தில் பாஸ்பேட் எவ்வளவு என்று ஆளுக்கொரு நம்பர் சொன்னார்கள். வாங்கும் விவசாயிக்கு நஷ்டம், விற்பவனுக்கும் எந்த நம்பரை நம்புவது என்று தெரியாது. மாநில அரசுகளில் வேலை பார்த்த வேதியியலாளர்கள் உட்கார்ந்து, எல்லாரும் ஒரே முறையில் செய்வோம், செய்து பார்த்து விடைகள் பொருந்துகிற முறையை மட்டும் ஏற்போம் என்று முடிவெடுத்தார்கள். உங்களுக்குப் போன மாதம் நடந்ததேதான், பொருள்தான் வேறு. லண்டனில் பொது ஆய்வாளர்கள் சங்கம் அதற்கும் பத்து வருஷம் முன்னால், 1874-லேயே, உணவுக் கலப்படச் சட்டத்தின் கீழ் வேலை பார்த்தவர்கள் தொடங்கியது. பின்னால் பெயர் மாறி, 1980-ல் இன்னும் மூன்று அமைப்புகளோடு சேர்ந்து இன்றைய ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி ஆனது. தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐயுபாக் 1919, முதல் உலகப் போர் முடிந்த கையோடு.

ஆனால் இவையெல்லாம் பல காலம் தனித்தனியாகவே முறைகளை வகுத்தன. ஒரு முறையைப் பல லேப்களில் கொடுத்துச் சோதிக்கும் கூட்டாய்வை எப்படி நடத்துவது என்பதிலேயே ஆளுக்கொரு வழி. அதனால் ஏஓஏசி ஏற்ற முறையை இன்னொருவர் ஏற்க யோசிப்பார், வேலை இரண்டு தடவை நடக்கும். 1980-களின் கடைசியில்தான் ஐயுபாக், ஐஎஸ்ஓ, ஏஓஏசி ஒன்றாக உட்கார்ந்து ஒரு பொது நெறிமுறை எழுதின, 1995-ல் திருத்தின. குறைந்தது ஐந்து வகைப் பொருள்கள், கணக்கில் ஏற்கத்தக்க விடை தரும் லேப்கள் குறைந்தது எட்டு, புறம்பான விடைகளை நீக்க இன்ன புள்ளியியல் சோதனை, எல்லாம் அதில் உண்டு. அடுத்து, ஒரே சாம்பிளைப் பல லேப்களுக்கு அனுப்பி லேபின் திறமையைப் பார்க்கும் புரொஃபிஷியன்சி டெஸ்டுக்கும் (பி.டி.) 1993-ல் அதே மூவர் சேர்ந்து எழுதினார்கள், 2006-ல் புதுப்பித்தார்கள். நீங்கள் பி.டி. ரிப்போர்ட்டில் பார்க்கும் இசட் ஸ்கோர் (உங்கள் விடை பொது விடையிலிருந்து எவ்வளவு விலகியது என்பது), இரண்டுக்குள் இருந்தால் திருப்தி என்று எல்லாரும் ஒரே மாதிரி படிக்கிறோமே, அது இந்த வழியாக வந்தது.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஏஓஏசியின் கூட்டாய்வுகள் பல்லாண்டுகளாகச் சேர்ந்ததால்தான் அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் ஹார்விட்ஸ் 1980-ல் செறிவுக்கும் சிதறலுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிக்க முடிந்தது. என்ன பொருள், என்ன கருவி என்பது பெரிய விஷயமில்லை, செறிவு நூறு மடங்கு குறைந்தால் லேப்களுக்கு நடுவே உள்ள சிதறல் இரண்டு மடங்கு ஆகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் 16 சதவீதம். மிகக் குறைந்த அளவுகளில், அதாவது உங்கள் அஃப்லடாக்சின் இருக்கும் இடத்தில், நடப்பில் 22 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது என்று மைக்கேல் தாம்சன் 2000-ல் திருத்தம் சொன்னார். 5 மைக்ரோகிராமில் 22 சதவீதம் என்றால் 1.1. இரண்டு லேப் விடைகளின் வித்தியாசத்துக்கு அதை ரூட் 2-ஆல் பெருக்கினால் 1.56. உங்கள் வித்தியாசம் 1.5. ரெக்கவரியைத் தொடாமலேகூட இது ஊர் உலகத்தில் சாதாரணமாக நடக்கிற வித்தியாசம். மேனேஜரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், எந்த லேபையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

---

வைகைக்கரை எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு நிஜமாகவே மூச்சு வந்தது. அந்த யூராகெம், சிடாக் மட்டும் சொல்லிவிடுங்கள். ஏன் அட்டையில் இரண்டு பெயர்?

---

அளவைக்கல் எழுதியது:

அதை நான் சொல்கிறேன், அந்தக் கையேட்டோடு பல வருஷம் வாழ்ந்தவன்.

1993-ல் அன்சர்ட்டனிட்டிக்கான பொது வழிகாட்டி வந்தது, ஐஎஸ்ஓ, ஐயுபாக், எடை அளவுகளுக்கான பன்னாட்டு அலுவலகம் உட்பட ஏழு அமைப்புகள் பெயரில். அருமையான வேலை. ஆனால் படித்தால் நீளம், மின்னழுத்தம் அளக்கிறவர் மனசில் இருப்பது தெரியும். எக்ஸ்ட்ராக்‌ஷனில் பாதி போய்விடுவதும், மிளகாயின் நிறமி கருவியின் பிரிப்புக் குழாயை அடைப்பதும், ஸ்டாண்டர்டு பாட்டிலில் எழுதிய தூய்மை சரிதானா என்ற சந்தேகமும் அங்கே இல்லை. யூராகெம் என்பது 1989-ல் ஐரோப்பிய நாடுகளின் பகுப்பாய்வு லேப்கள் சேர்ந்து அமைத்த வலை. அவர்கள் 1995-ல் வேதியியலுக்கான கையேட்டை எழுதினார்கள். அதாவது முதல் பதிப்பில் ஒரு பெயர்தான்.

சிடாக் 1993-ல், அட்லாண்டாவில் பிட்ஸ்பர்க் மாநாட்டை ஒட்டி நடந்த ஒரு பட்டறையிலிருந்து வந்தது. ஐரோப்பாவுக்குள் மட்டும் ஒத்துப்போனால் போதாது, கண்டம் தாண்டி அளவுகள் ஒரே வேருக்குப் போக வேண்டும் என்ற எண்ணம். 2000-ல் இரண்டாம் பதிப்பை இருவரும் சேர்ந்து கொண்டுவந்தார்கள், 2012-ல் மூன்றாம் பதிப்பு. இரண்டு பெயரின் கதை இதுதான். எல்லாமே இலவசம், இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர்கள் தங்கள் வேலை நேரத்துக்கு மேல் செய்தது.

சட்டம் இல்லைதான். ஆனால் பாருங்கள், லேப்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 17025 அன்சர்ட்டனிட்டியை மதிப்பிடு என்கிறது, எப்படி என்று சொல்லவில்லை. அசெஸர் உங்களிடம் இந்தக் கையேட்டைக் காட்டியது அதனால்தான். நம் லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் இருக்கும் பரஸ்பர அங்கீகார ஏற்பாடு இருக்கிறதே, அதில் ஒரு நாட்டு ரிப்போர்ட்டை இன்னொரு நாடு நம்ப வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒரே புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும்.

உங்கள் கேஸுக்கு வருவோம். விரிவாக்கிய அன்சர்ட்டனிட்டி 25 சதவீதம் என்று வைத்தால் அவர்கள் 5.8 என்பது 4.35-லிருந்து 7.25 வரை. ஐரோப்பிய அதிகாரிகள் ஒரு லாட்டை நிராகரிக்க வேண்டுமென்றால் அன்சர்ட்டனிட்டியைக் கழித்த பிறகும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். இங்கே தாண்டவில்லை. ஆனால் வாங்குபவர் தனியார், அவர் ஒப்பந்தத்தில் வெறும் 5 என்று எழுதியிருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். இணக்கத்தை முடிவு செய்வதற்கென்றே இந்த இருவரும் 2007-ல் தனிக் கையேடு போட்டார்கள், 2021-ல் புதுப் பதிப்பு. சின்னப் புத்தகம்தான், ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

---

உப்பளக்காற்று எழுதியது:

எல்லாம் சரி, ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அட்லாண்டா, லண்டன். மிளகாய் விளைவது எங்கே, நிலக்கடலை விளைவது எங்கே? எட்டு லேப், ஐந்து பொருள் என்று சொல்வது எளிது. எங்கள் லேபில் சான்றளித்த ஒப்பீட்டுப் பொருள் (செறிவு முன்பே உறுதி செய்த மாதிரி) ஒரு பாட்டில் வாங்க மூன்று மாதம் ஒப்புதலுக்கு அலைந்தோம், வந்து சேரும்போது காலாவதிக்கு ஐந்து மாதம்தான் பாக்கி. பெரிய லேப்கள் முறையைச் சோதித்து முடிவு செய்துவிடுகின்றன, நாம் பின்னால் ஓடுகிறோம். இதை ஒத்துழைப்பு என்று முழு மனதோடு சொல்ல எனக்கு முடியவில்லை.

---

அளவைக்கல் எழுதியது:

உப்பளம், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஒப்பீட்டுப் பொருளின் விலைதான் பெரிய சுவர். டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் பாரதீய நிர்தேசக் திரவ்யா என்ற பெயரில் உள்நாட்டிலேயே கொண்டுவருவது அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் கதவு மூடியிருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஐரோப்பிய பகுப்பாய்வு வேதியியலாளர்களின் யூரோஅனாலிசிஸ் மாநாடு 1972-ல் ஹைடல்பர்கில் தொடங்கி, அடுத்தது 1975-ல் புடாபெஸ்டில், பிறகு 1984-ல் கிராகோவில் நடந்தது. பனிப்போர் நடுவில், இரும்புத் திரையின் இரண்டு பக்கமும். அவ்வளவு பெரிய பிளவைத் தாண்டி அந்த வேதியியலாளர்கள் சந்தித்தார்கள் என்றால் மிளகாய் விளையும் ஊர்க்காரர்கள் போய் உட்கார முடியாதா? கூட்டாய்வுக்கு லேப் தேவை என்று அழைப்பு வரும்போது நம்மிலிருந்து கை தூக்குவது குறைவு. உண்மையான மிளகாய், உண்மையான நிறமி, அதில் முறை எங்கே தடுமாறும் என்று நமக்குத்தான் தெரியும். அந்தத் தரவு போகாவிட்டால் முறை ஸ்பெயின் மிளகாய்க்கு ஏற்றபடிதான் அமையும்.

---

தேன்கூடு எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. சாம்பிளிங். மாசுபட்ட சில துண்டுகளில்தான் நஞ்சு கூட இருக்கும், மற்றவை சுத்தமாக இருக்கும், அதனால் இரண்டு லேபும் வேறு வேறு பையிலிருந்து எடுத்திருந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் இன்னும் அகலமாகும். இதற்கும் யூராகெம் 2007-ல் சிடாக், ராயல் சொசைட்டியின் பகுப்பாய்வு முறைகள் குழு உட்பட மற்றவர்களோடு சேர்ந்து தனிக் கையேடு போட்டிருக்கிறது, 2019-ல் இரண்டாம் பதிப்பு. வைகை, உங்கள் ரிசர்வ் சாம்பிள் இன்னும் இருக்கிறதா?

---

வைகைக்கரை எழுதியது:

இருக்கிறது மேடம், மைனஸ் 20-ல். பதில் போடத் தாமதமாகிவிட்டது, இந்த நான்கு நாளும் இதே வேலைதான்.

அவர்கள் லேபுக்கு மெயில் போட்டுக் கேட்டோம். நீங்கள் சொன்னபடியேதான், அவர்கள் நம்பர் திருத்தியது, ரெக்கவரி 91. ரிசர்வ் சாம்பிளை நானே மறுபடி மூன்று தடவை செய்தேன், திருத்திய சராசரி 5.4. அதனால் எங்கள் பழைய ரிப்போர்ட்டில் இருந்த "பாஸ்" நிற்காது. இதை மேனேஜரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது, ஆனால் ஐயா கொடுத்த 1.56 கணக்கையும் 78 சதவீதத்தையும் ஒரே தாளில் எழுதிக் காட்டியதும் அவர் வாதாடவில்லை. திருத்திய ரிப்போர்ட் போகிறது, ரெக்கவரியும் அன்சர்ட்டனிட்டியும் சேர்த்து. ஒப்பந்தத்தில் வெறும் 5 என்றுதான் இருக்கிறது, ஆகவே இந்த லாட் போகாது. ஏற்றுமதியாளருக்கு நஷ்டம், அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அடுத்த லாட்டுக்கு எங்கள் உள் வரம்பைத் திருத்திய நம்பரில் 3.5 என்று வைக்கப் போகிறோம், எஸ்ஓபியும் மாறுகிறது.

உப்பளம் அண்ணா, எங்கள் லேபில் இரண்டு பேர் கூட்டாய்வில் சேர ஆர்வமாக இருக்கிறோம். உங்கள் லேபும் வருமானால் தனிச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே விண்ணப்பிக்கலாம்.

---

உப்பளக்காற்று எழுதியது:

அனுப்பிவிட்டேன் தம்பி. எங்கள் பக்கம் குண்டு மிளகாய் வற்றல் இருக்கிறது, திங்கட்கிழமை அரைத்து வைக்கிறேன்.