சுருள்வில் அமுக்கியா, வில்லடக்கியா, வில்லிடுக்கியா?

குழுவினருக்கு வணக்கமுங்க.

வாகனக் கலைச்சொல் பட்டியலில் 'ஸ்பிரிங் கம்ப்ரசர்', அதாவது வண்டியின் சுருள்வில்லை அமுக்கிப் பிடித்துவைக்கும் கருவி, என்ற இடம் இன்னும் தமிழ்ச்சொல் இல்லாமல் காலியாகக் கிடக்கிறது. இதுவரை வந்த சொற்கள் மூன்று: சுருள்வில் அமுக்கி, வில் சுருக்கி, சுருள் அழுத்தி. மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான். அமுக்குவதைச் சொல்கின்றன, பிடித்து வைப்பதைச் சொல்லவில்லை. அமுக்குவது பெரிய வேலையில்லை, ஒரு ஜாக்கி கூட அமுக்கிவிடும். அமுக்கியதை வேலை முடியும்வரை நழுவாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம். வீட்டில் வெல்டிங் வைத்துச் செய்த கருவிகள் கோட்டை விடுவதும் அங்கேதான்.

நம் பக்கம் இதற்குச் சொல் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. நாமக்கல், சங்ககிரி, கரூர் என்று லாரியும் பஸ்ஸும் கட்டியும் ஓட்டியும் வளர்ந்த பட்டறைகள் நம்முடையவை. லாரி என்றால் பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்). அம்பாசடரிலும் முன்னால் முறுக்குத்தண்டு (டார்ஷன் பார்), பின்னால் பட்டைவில். பத்மினியில் முன்பக்கம் சுருள்வில் இருந்தது, சரி. ஆனால் 1983 கடைசியில் மாருதி 800 வந்து, அதைத் தொடர்ந்து சிறு கார்கள் பெருகிய பிறகுதான் ஸ்ட்ரட் வேலை தெருமுனைப் பட்டறை வரைக்கும் வந்தது. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய சுருள்வில்லும் ஒரே கட்டாக இருப்பதுதான் ஸ்ட்ரட். சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் உள்ளே வில் கொஞ்சம் அமுங்கியே இருக்கும். உச்சியில் இருக்கும் ஒற்றை நட்டுதான் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. அதனால் வில்லை முதலில் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அந்த நட்டில் கை வைக்க வேண்டும்.

உள்ளே எவ்வளவு விசை இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மி.மீ. அமுக்க 2.5 கிலோ கேட்கும் வில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை 150 மி.மீ. அமுக்கினால் விசை 375 கிலோ. உள்ளே தேங்கும் ஆற்றல், 28 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். அவ்வளவும் இரண்டு மூன்று கிலோ கூடத் தேறாத ஒரு கம்பிச் சுருளில் ஒரே நொடியில் விடுபட்டால் அது எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கே கோவையில் கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் நட்டு மரை போட வந்திருந்த ஒரு கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். 12 மி.மீ. த்ரெட் ராடு, அதாவது நீளம் முழுக்க மரை வெட்டிய கம்பி, இரண்டு. ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் ஆங்கிள் துண்டு. அதில் கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பியை வளைத்து வெல்டிங் வைத்த கொக்கி. வெல்டிங் பார்க்க வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் கொக்கியின் உள்பக்கம் சுருள் உட்காரும் இடம் பள்ளமாக இல்லை, சமதளமாக இருந்தது. வில்லின் பெயின்ட் அதில் ஒரே இடத்தில் ஒட்டாமல் அரை விரற்கடை நீளத்துக்கு இழுபட்டிருந்தது. அதாவது அமுக்கும்போதே கொக்கி சுருளின் மேல் வழுக்கி நகர்ந்திருக்கிறது. சுருள் சரிவான படி போன்றது. ஒரு கொக்கி கீழ்நோக்கி வழுக்கினால் எதிர்ப்பக்கக் கொக்கியோடு இருந்த நேர் விலகி, வில் ஒரு பக்கமாக வளைந்துவிடும். அந்தக் கம்பியும் சரிப்படாது. முறுக்குக் கம்பியின் வலு அதன் வெளித்தோலைச் சூடாக்கிக் குளிர்வித்ததால் வந்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த வலு குறைந்துபோகும்.

"ராடு தடிமனாத்தானே இருக்கு, ஏன் அறுந்து போகப் போகுது?" என்று கொண்டுவந்த தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நேராக இழுத்தால் அறாது. ஒரு ராடுக்கு 187 கிலோ, அதாவது மரையில் ஒரு சதுர மி.மீ.க்கு 2.2 கிலோதான். ஆனால் வில் ராடின் நடுவில் தொங்குவதில்லை, கொக்கியில் தொங்குகிறது. கொக்கி ராடிலிருந்து 30 மி.மீ. தள்ளியிருந்தால் அந்த இழுப்பு முழுக்க ராடை வளைக்கப் பார்க்கும். வளைவால் மரையடியில் வரும் தகைவு (ஸ்ட்ரெஸ்) ஒரு சதுர மி.மீ.க்கு 55 கிலோவைத் தொடும். சாதாரண 4.6 தர இரும்பு 24 கிலோவிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். 8.8 தரம் 64 கிலோ வரை தாங்கும். ஆனால் கடையில் வாங்கும் த்ரெட் ராடில் தரம் பொறித்திருப்பதே அரிது. வளைந்த ராடில் நட்டு சிக்கும். சிக்கிய நட்டை ஏர் கன் (காற்றழுத்தத்தில் ஓடும் ஸ்பேனர்) போட்டுத் திருப்புவார்கள், மரை பிய்ந்துவிடும். வில்லை ஜாக்கியில் அமுக்கிக் கட்டுக்கம்பியால் கட்டி வைப்பது இதைவிட மோசம். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

காசு மிச்சம் என்று செய்கிறார்கள், அது புரிகிறது. இந்த வேலையில் மட்டும் அது கூடாது. ஸ்ட்ரட்டைக் கழற்றி, வில்லை அமுக்கும் சட்டம் (ஃப்ரேம்) வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போனால் ஆகிற கூலி பெரிதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: வில்லடக்கி. காளையை அடக்குவது போல, திமிறுவதைப் பிடித்து நிறுத்துவது என்ற பொருள் அதில் இருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

– கோவை, கணபதியிலிருந்து

*

அண்ணா, வணக்கமுங்க.

நீங்க சொன்ன காரணம் சரி, சொல் மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. ஒலியடக்கி (சைலன்சர்) என்றால் ஒலியைக் குறைப்பது. ஷாக் அப்சார்பரை அதிர்வடக்கி என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. இந்த இரண்டையும் படித்த பாலிடெக்னிக் பிள்ளைகள் வில்லடக்கியையும் வண்டியிலேயே இருக்கும் ஒரு பாகம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இது வண்டியின் பாகமில்லை, வெளியிலிருந்து மாட்டும் கருவி.

'இடுக்கி' என்று வைத்தால் என்ன? கொல்லுப் பட்டறையில் ஏற்கெனவே கருவிப் பெயராக இருப்பதுதான். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார் என்று சொல்கிறோமே, அதில் நெருக்குவதும் இருக்கிறது, விடாமல் வைத்திருப்பதும் இருக்கிறது. வில்லிடுக்கி.

இன்னொன்று. வரையறையில் பாதுகாப்பையும் சேர்த்து எழுதுங்கள். பிள்ளைகள் அகராதியை மட்டும் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள்.

– ஈரோட்டிலிருந்து

*

வணக்கம் டீச்சர்.

இடுக்கி நன்றாகப் பொருந்துகிறது. நான் தேடிய இரண்டு பொருளும் ஒரே வினைச்சொல்லில் இருக்கிறது. பட்டறைக்காரருக்கு விளக்கம் சொல்லவே வேண்டாம், கேட்டதும் புரிந்துவிடும். வில்லடக்கியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

வில்லிடுக்கி: வாகனச் சுருள்வில்லை அமுக்கி, அமுங்கிய நிலையிலேயே நழுவாமல் பிடித்து வைக்கும் கருவி. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ராடு மாட்டுவது கொக்கி வில்லிடுக்கி. மேசையிலோ சுவரிலோ பொருத்தியிருப்பது சட்ட வில்லிடுக்கி. கொக்கி வகையில் இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக, கையால்தான் முடுக்க வேண்டும். ஏர் கன் கூடாது. வில் தன் இருக்கையில் தளர்ந்து, கையால் திருப்பினால் அசையும்வரை உச்சி நட்டைத் தொடக் கூடாது. வில்லின் இரு முனைகளுக்கும் நேராக முகமோ உடலோ இருக்கக் கூடாது.

காப்புத்தாழ்: கொக்கியின் வாயை அடைத்து, சுருள் வெளியே நழுவாமல் தடுக்கும் ஊசி. வில்லிடுக்கி வாங்கும்போது இது இருக்கிறதா என்று பார்க்கவும்.

சக்கரம் தொங்கும்போதும் வில்லில் மிஞ்சியிருக்கும் இறுக்கத்துக்கு (ப்ரீலோட்) 'முன்னிறுக்கம்' என்று எழுதலாமா? போல்ட் முடுக்குவதற்கும் அதே சொல் வருமே என்று ஒரு தயக்கம் இருக்கிறது. இயந்திரவியல் பாடம் எடுப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். மற்ற இரண்டுக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

– கணபதியிலிருந்து