மாதத்தில் அடங்காத நாள்: மிகுநாளா, புறநாளா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உயர்நிலை இரண்டாம் வகுப்பினருக்கான கற்பனையுலகக் கதைப் பட்டறைக் கையேடு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாட்காட்டி அமைக்கும் பக்கத்தில், எந்த மாதத்திலும் சேராத நாளைக் குறிக்கும் சொல்லுக்கு மட்டும் இன்னும் கோடிட்ட இடம்தான் இருக்கிறது. அதற்காக நம் குழுவில் மிகுநாள், இடைச்செருகல் நாள், கிழமையிலி, புறநாள் என்ற சொற்கள் பேசப்பட்டு வருகின்றன. சென்ற பட்டறையில் ஒரு மாணவி, முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாதங்களைக் கட்டம் கட்டமாக வரைந்துவிட்டு, மிஞ்சிய ஐந்து நாள்களைத் தாளின் ஓரத்தில் ஊதா வட்டங்களாகப் போட்டிருந்தாள். எந்த மாதம் என்று கேட்டேன். "எந்த மாதமும் இல்லை, டீச்சர். அந்த அஞ்சு நாளும் யாரும் யாரிடமும் கடனைத் திருப்பிக் கேட்கக்கூடாது" என்றாள். பண்டைய எகிப்தியர் இதே ஐந்து நாள்களை மாதங்களுக்கு வெளியே நிறுத்தித் தெய்வங்களின் பிறந்தநாள்களாகக் கொண்டாடியதும், 1793இல் பிரெஞ்சுக் குடியரசு வகுத்த நாட்காட்டியிலும் இதே கணக்கு இருந்ததும் அவளுக்குத் தெரியாது.

'மிகுநாள்' போதும் என்று எழுதிய நண்பர்கள், நிலவு வழி நாட்காட்டிகளில் சில ஆண்டுகளில் கூடுதலாகச் சேரும் அதிக மாதத்தைச் சான்று காட்டினார்கள். அந்தச் சான்றே எனக்குத் தடையாக இருக்கிறது. பிப்ரவரி 29 கூடுதல் நாள்தான். ஆனால் அதற்கு மாதமும் உண்டு, கிழமையும் உண்டு. அதிக மாதமும் ஒரு மாதப் பெயரைத் தாங்கியே வருகிறது. 2025இல் சீன நாட்காட்டியில் ஆறாம் மாதம் இருமுறை வந்ததால் முன்னோர் ஆவிகளுக்கான ஏழாம் மாத வழிபாடு ஆகஸ்ட் பிற்பகுதியில்தான் தொடங்கியது. நம் அடுக்குமாடி புளோக்குகளின் கீழே ஊதுவத்தி ஏற்றியவர்கள் இரண்டாவதாக வந்த மாதத்தையும் ஆறாம் மாதம் என்றே சொன்னார்கள். இவையெல்லாம் வரிசைக்குள் மிகுந்தவை. மாணவியின் வட்டங்களோ வரிசைக்கே வெளியே நிற்பவை. இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தந்தால், கையேடு விளக்க வேண்டிய வேறுபாட்டை அதுவே மறைத்துவிடும்.

'இடைச்செருகல் நாள்' வேண்டாம். பாட்டில் எவரோ நுழைத்த போலி அடியின் நினைவுதான் அதில் வருகிறது.

ஐயா முன்வைத்த 'கிழமையிலி' அழகானது. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளில், அதாவது உரிமைப் பொருளில் தொடங்கி, தற்கிழமை, பிறிதின்கிழமை, கிழவன், கிழத்தி என்று அவர் விரித்ததை இருமுறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கு உரிமையான நாள் என்றால், எந்தக் கோளுக்கும் உரிமைப்படாத நாள் கிழமையிலிதான். ஆனால் மாதத்துக்கு வெளியே நிற்கும் நாளிலும் வாரச் சுழற்சி தடையின்றி ஓடலாமே! அப்போது அதற்கு மாதம் இராது, கிழமை இருக்கும். மேலும், பதினான்கு வயதுப் பிள்ளையின் காதில் 'இலி' என்பது குறையாகவே ஒலிக்கும். அவள் அந்த நாள்களைக் குறையாக எண்ணவில்லை. ஆண்டிலேயே சிறந்தவையாக எண்ணினாள்.

ஆகவே நான் 'புறநாள்' பக்கம் நிற்கிறேன். 'நாட்டுப்புறம்' நினைவுக்கு வருகிறது என்றும், வேகமாகச் சொன்னால் புறநானூறு போல ஒலிக்கிறது என்றும் இருவர் மறுத்திருந்தார்கள். அகமும் புறமும் நம் பிள்ளைகள் கேட்டுப் பழகிய இணை. அகநாள், புறநாள் என்று பலகையில் எழுதினால் விளக்கமே தேவைப்படாது. இதுவரை எழுதியவர்களுள் பெரும்பாலோர் இதற்கு உடன்பட்டிருக்கிறார்கள், சிலர் அரைமனத்துடன்.

புதனை அறிவன் என்றும் சனியைக் காரி என்றும் மாற்றும் கோரிக்கையைத் தனி இழையில் பேசலாம். இரண்டு நிலவுகள் உள்ள உலகில் மாதத்தைத் 'திங்கள்' என்றால் எந்த நிலவின் திங்கள் என்ற கேள்வி அதைவிட அவசரமானது. அதற்கு 'மாதம்' என்றே எழுதிவிட்டேன்.

வியாழன் இரவு வரை காத்திருப்பேன். வாரத்திலும் சேராத நாளுக்கு மட்டும் 'கிழமையிலி' என்று தனிப்பதிவு இட ஐயா இசைவாரா? "அரைகுறை ஏற்பு வேண்டாம்" என்று நேற்று எழுதியிருந்தார், மறுபடியும் கேட்கிறேன்.