பொருள்: துணையாறா, கிளையாறா? (தாமோதர் வரைபடம், வியாழனன்று அச்சுக்கு)

நண்பர்களே,
பராக்கர், கோனார் ஆறுகள் கிழக்கிந்தியாவின் தாமோதர் ஆற்றில் வந்து சேர்கின்றன. மேற்கு வங்கத்தின் வர்த்தமானுக்குக் கீழே அதிலிருந்து முண்டேஸ்வரி ஆறு பிரிந்து போகிறது. கையிலுள்ள படி மூன்றையுமே 'கிளைநதி' என்கிறது. வங்கமொழியில் சேர்வது உபநதி, பிரிவது சாகாநதி. நாம் எதைப் போடலாம்?
– மொழிபெயர்ப்பாளர்

> மூன்றையுமே 'கிளைநதி'
கூடவே கூடாது. முண்டேஸ்வரி தாமோதருக்கு நீர் கொண்டுவருவதாக மாணவர் புரிந்துகொண்டால், தாமோதர்மேலுள்ள துர்காபூர் தடுப்பணையில் திறந்த நீர் முண்டேஸ்வரி வழியே போய்க் கானாகுல் பகுதியில் ஏன் வெள்ளமாகிறது என்பது விளங்காது. வருவது துணையாறு, போவது கிளையாறு. காவிரிக்குப் பவானி துணை, கொள்ளிடம் கிளை.
– புவியியல் ஆசிரியர்

'துணை' இன்று துணைவேந்தர், துணை ஆட்சியர் போலத் தாழ்ந்த நிலையைக் காட்டுகிறது. பராக்கர் 225 கி.மீ. ஓடுகிற ஆறு, மைதன் அணையே அதன்மேல்தான் நிற்கிறது. சேர்யாறு, பிரியாறு என்போம். இரண்டும் வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். சங்கப் பாட்டில் கிளை என்றால் சுற்றம். கேளிர், கிளைஞர் இரண்டும் ஒரே வேராக இருக்கலாம். அப்படியானால் வந்து கூடுவதும் கிளைதானே?
– இலக்கண அன்பர்

வேர் ஆராய்ச்சி வியாழனுக்குள் முடியாது. 'பிரியாறு' ஓர் எழுத்து பிசகினால் பெரியாறு. காதிலோ 'பிரியாத ஆறு' என்றே விழும்.
– மெய்ப்புத் திருத்துநர்

எதிர்மறையானால் 'பிரியா யாறு' என்றல்லவா நிற்கும்!
– இலக்கண அன்பர்

ஐயா, ஏழாம் வகுப்பு மாணவர் காதுக்கு அந்த வேறுபாடு எட்டாது.
– மெய்ப்புத் திருத்துநர்

உபநதி எல்லாருக்கும் புரியும். வடசொல் என்பதற்காக ஏன் தள்ள வேண்டும்?
– செய்தியாளர்

உபநதியை எடுத்தால் அதன் இணையான சாகாநதியையும் எடுக்க வேண்டும். தமிழில் அது 'சாகாத நதி' ஆகிவிடும்! இன்னொரு சிக்கலும் உண்டு. முண்டேஸ்வரி தாமோதரைப் பிரிந்து ரூப்நாராயண் ஆற்றில் கலக்கிறது. ஒரே ஆறு ஓரிடத்தில் கிளை, மற்றோரிடத்தில் துணை. ஹூக்ளியோ கங்கையின் கிளை, அதில் விழும் தாமோதர் துணை. எனவே எந்தச் சொல்லானாலும் முன்னால் மற்ற ஆற்றின் பெயர் வேண்டும்: 'தாமோதரின் கிளையாறு, ரூப்நாராயணின் துணையாறு'.
– புவியியல் ஆசிரியர்

புவியியல் ஆசிரியர் சொன்ன துணையாறு/கிளையாறு என்றே அனுப்புகிறேன். பராக்கர் சேரும் திசேர்கரிலும் முண்டேஸ்வரி பிரியும் இடத்திலும் அம்புக்குறி வரும்.
– மொழிபெயர்ப்பாளர்

அம்புக்குறிக்கு நன்றி. 'துணையாறு' பற்றிய என் மறுப்பு நிற்கிறது. அடுத்த பதிப்பில் அடைப்புக்குள்ளாவது 'சேர்யாறு' சேருங்கள்.
– இலக்கண அன்பர்