காற்று நனையுமா?

செந்தூல்காரன்:
பாய்ம இயக்கவியலில், அதாவது நீரும் காற்றும் ஓடும் விதத்தைப் பற்றிய பாடத்தில், யாருக்கு எங்கே சறுக்கியது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு லோங்காங்கில்தான், அதாவது தெருவோர வடிகாலில்.

60 சென்டிமீட்டர் அகலமுள்ள செவ்வகக் கான்கிரீட் வடிகால், நீரின் ஆழம் 30 சென்டிமீட்டர், சரிவு 200க்கு 1, மேனிங் கெழு (பரப்பின் சொரசொரப்பைக் காட்டும் எண்) 0.013. வேகம் என்ன? பரப்பை நனைசுற்றளவால் வகுத்தால் நீரியல் ஆரம் கிடைக்கும். நான் நான்கு பக்கத்தையும் கூட்டி 1.8 மீட்டர் என்று போட்டு, வினாடிக்கு 1.17 மீட்டர் என்று முடித்துவிட்டேன். தாள் சிவப்புச் சுழியோடு திரும்பி வந்தது. விளக்கம் ஒரு வரிகூட இல்லை.

அன்று மாலையும் வழக்கம்போல இடியோடு மழை. அப்பா வடிகால் தூர்வாரியே ஓய்வு பெற்றவர். மழை விட்டதும் வாசலில் நின்று லோங்காங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளைக் காட்டிப் புலம்பினேன். பாடம் ஆங்கிலத்தில், அவருக்காக 'நனையும் சுற்றளவு' என்று தமிழில் சொன்னேன்.

"எது நனைகிறது?" என்றார். நீர் வடிந்த இடத்தில் இரு சுவர்களிலும் ஈரக்கோடு தெரிந்தது. "அடித்தளம், இந்தச் சுவர், அந்தச் சுவர். மேலே இருப்பது காற்று. காற்று நனையுமா, தம்பி?"

ஆக 1.2 மீட்டர்தான். வேகம் 1.54. நீரை உரசிப் பிடித்து நிறுத்துவது சுவரும் தரையும் அல்லவா! மண்ணும் புல்லும் சேர்ந்து கெழு 0.03 ஆனால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன்: 0.67. பாதிகூட இல்லை. அப்பாவிடம் சொன்னேன். "அதற்குத்தான் மண்வெட்டி" என்று உள்ளே போய்விட்டார்.

ஜார்ஜ்டவுன் மாணவி:
எனக்கு நாசி கண்டார் சோற்றுக் கடையில் புரிந்தது. தே தாரிக் என்ற பால் தேநீரை ஆற்றுபவர் கையை உயர்த்த உயர்த்த, தாரை கீழே போகப் போக நூலாக மெலிந்தது. மேலே ஊற்றும் அளவுதான் கீழேயும் இறங்குகிறது. வேகம் கூடினால் குறுக்குப் பரப்பு சுருங்கத்தானே வேண்டும்? ஒரு மீட்டர் விழுந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 4.4 மீட்டர். தொடர்ச்சிச் சமன்பாடு அன்றே மனத்தில் பதிந்தது.

பதிந்தது கொஞ்சம் அதிகமாகவே பதிந்துவிட்டது. நிரம்பி ஓடும் செங்குத்துக் குழாயிலும் நீர் இறங்க இறங்க வேகம் கூடும் என்று தேர்வில் எழுதிவைத்தேன். விட்டம் மாறாத குழாயில் வேகம் எப்படி மாறும்? மாறுவது அழுத்தம். 8 மதிப்பெண் போயிற்று.

செந்தூல்காரன்:
அதே தவற்றை நானும் செய்தேன். அப்பா குழாய் வேலை பார்த்ததில்லை.