சிகிச்சை வழிகாட்டுதலை எழுதும் கூட்டத்துக்கு நோயாளியாகப் போனவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளை மகள்
காசநோய் சிகிச்சை வழிகாட்டுதல் தாளைத் திருத்துகிறோம், நோயாளிகளையும் கேட்கிறோம் என்று அம்மாவை அழைத்திருந்தார்கள். ஜங்ஷனில் பஸ் மாறிக் கூட்டிக்கொண்டு போனேன். 2015-இல் அம்மாவுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். மாதக்கணக்கில் கானமைசின் ஊசி. நோய் போயிற்று, காதும் போயிற்று. உதடு பார்த்துத்தான் பேச்சு புரியும்.

அந்த அறையில் எல்லோருடைய வாயும் முகக்கவசத்துக்குள். அரை மணி நேரம் பேசிவிட்டு, "உங்கள் கருத்து என்னம்மா?" என்றார் ஒருவர். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி, "என்னிடமா கேட்கிறார்கள்?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அடுத்தவரிடம் போய்விட்டார்கள். ஊசி போடும் முன்னும் இடையிலும் காதைச் சோதியுங்கள் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். கானமைசின் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2018-இல்.

முக்கூடல்
தங்கச்சி, காசநோய்க் கூட்டத்தில் முகக்கவசம் இல்லாமல் எப்படி? ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கலாமே.

நான் பீடி சுற்றுகிறவள். நான் போன கூட்டத்தில், காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை என்று வரைவில் இருந்தது. விழுங்கினால் குமட்டும், தட்டை மடியில் வைக்க முடியாது, அன்றைய கூலி போகும் என்றேன். அங்கிருந்த ஒரு அம்மையார் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதிக்கொண்டார். என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தத் தாள் இரண்டு முறை மாறிவிட்டது. என் வரி அதில் இல்லை. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்கக்கூட என்னை யாரும் திரும்ப அழைக்கவில்லை.

அம்பை
முக்கூடல் அக்கா சொல்வதுதான் முக்கியம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஊசியில்லாத ஆறு மாத சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது, நம் நாடு 2024-இல் ஏற்றது. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் தாளுக்கு ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டால் எப்படிப் போதும்? ஆஸ்திரேலியாவில் பக்கவாத வழிகாட்டுதலை 2018 முதல் தொடர்ந்து புதுப்பிக்கிறார்கள். நோய் கண்டவர்களும் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களும் அந்த வேலையில் கூடவே இருக்கிறார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது தேடிப் படித்தேன். இங்கே என்னையும் ஒரு முறை கூட்டத்துக்கு அழைத்தார்கள்; முப்பது பக்கம், முழுவதும் ஆங்கிலம், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இனி யார் அழைத்தாலும் போகும் முன்பே கேளுங்கள்: தாள் தமிழில் வருமா, பஸ் காசும் அன்றைய கூலியும் தருவீர்களா, அடுத்த திருத்தத்துக்கும் எங்களை அழைப்பீர்களா, சொன்னதை ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்வீர்களா. தனியாகப் போகாதீர்கள். பத்து மருத்துவர்கள் நடுவில் ஒரே ஒரு நோயாளி என்றால் நாக்கு எழாது. பாளை தங்கையும் எழுதிக் காட்டச் சொல்லி முன்கூட்டியே கேட்டிருக்கலாம்.

பாளை மகள்
எழுதிக் காட்டு என்று இருவருமே சொல்கிறீர்கள். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு வரி முடிவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். அவளுக்கு நோய் குணமாகிப் பல வருடம். ஜன்னலைத் திறந்துவைத்து, நாலு அடி தள்ளி நின்று, யாராவது ஒருவர் முகக்கவசத்தைக் கழற்றிப் பேசியிருக்கலாம்.